பதினொரு விதிகளும் ஒரு சஹனும்: மகளோடு பலாபத்வலயில் என் முதல் வாரம்

இலங்கைக்குப் படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. மூன்று வயது மகிழினியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றபோதுதான் போடியில் இருக்கிற எங்கள் சொந்தம் முழுவதும் வாயைத் திறந்தது.

நான் தாவரவியல் படித்தவள். மாமனாரின் ஏலக்காய் வியாபாரத்தில் தரம் பிரிக்கிற பொறுப்பு என்னுடையது. மிளகு, பட்டை, கிராம்பு ஆகியவற்றைப் பதப்படுத்தக் கற்றுத்தரும் பத்து வாரப் பயிற்சி ஒன்றில் மாத்தளையில் இடம் கிடைத்தது. பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கும் ஏற்பாட்டையும் பயிற்சி நிலையத்தாரே செய்து கொடுத்தார்கள். என் கணவர் கண்ணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. பாப்பா பழகலைன்னா ரெண்டு பேரும் கிளம்பி வந்துரணும். அதுக்கு மேல பிடிவாதம் பிடிக்கக் கூடாது." ஞாயிறு பகல் 12.40 விமானத்துக்கு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட் ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டார்.

வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. இப்போதுதான் எழுதுகிறேன், தாமதம்தான். முதல் வாரமே எழுதியிருந்தால் "குழந்தையோடு வராதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை 10.20க்கு மதுரையிலிருந்து விமானம், 11.25க்குக் கொழும்பு. வெளியே வர ஒரு மணி நேரம் போல ஆனது, காரணம் என் பெட்டி. அதில் குக்கர், சின்ன மின் அடுப்பு, நான்கு கிலோ கேழ்வரகு மாவு. கண்டிக்குக் குளிரூட்டிய பஸ்ஸில் இருக்கைக்கு 950 ரூபாய் (இங்கே எல்லாமே இலங்கை ரூபாயில் சொல்கிறேன்). பெட்டியை வைத்த இருக்கைக்கும் 950 வாங்கிக்கொண்டார்கள். கண்டி போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அங்கிருந்து மாத்தளைக்கு 26 கிலோமீட்டர், சாதாரண பஸ், 120 ரூபாய். மகிழ் வழி முழுக்கத் தூங்கினாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மாத்தளையிலிருந்து பலாபத்வல ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 1,200 கேட்டார். ஆயிரம் என்றேன்.

"சரி, ஏறுங்க. பாப்பாவுக்காகப் போறேன். நீங்க மட்டும்னா எறக்கி விட்டிருப்பேன்," என்றார். தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து தோட்டத்துக்கு வந்த குடும்பமாம். பெட்டியைத் தூக்கியவர், "என்னங்க உள்ளுக்கு, அம்மிக்கல்லா?" என்று கேட்டார்.

மாலைத் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்கிற நேரத்தில் வீட்டு வாசலில் இறங்கினோம். வீட்டுக்காரர் ஜவாத் நானா (நானா என்றால் அண்ணன்) மிளகு, கராம்பு (நம் கிராம்புதான்) வாங்கி விற்பவர். அவர் மனைவி ஃபரீனா ராத்தாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ராத்தா என்றால் அக்கா. மகள் ஸஹ்ரா உயர்தரப் பரீட்சை (நம் பிளஸ் டூ போல) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். நான் வகுப்புக்குப் போகும் நேரத்தில் இவர்கள் இருவரும் மகிழைப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் வேலையாக, ஊரிலேயே எழுதிக் கொண்டுவந்த பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். பதினொரு விதிகள். தண்ணீர் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். காரம், தேங்காய்ப்பால், வெளிப்பண்டம் கூடாது. நான் செய்து வைக்கும் கேழ்வரகுக் கஞ்சி மட்டும். ஸஹ்ரா சத்தமாக வாசித்தாள்.

"பத்து: பாப்பா தும்மினால் உடனே எனக்கு அழைக்கவும். அக்கா, ஒரு தும்மலுக்கா, ரெண்டு தும்மலுக்கா?"

"வாய மூடு புள்ள," என்றார் ராத்தா. அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தார்.

வகுப்பு காலை 8.30 முதல் 3.30 வரை. விடிந்ததும் என் அறையிலேயே அடுப்பைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி, டப்பாவில் வைத்துவிட்டு 7.45 பஸ்ஸைப் பிடித்தேன். செவ்வாய் மாலை திரும்பி வந்தால் டப்பா அப்படியே இருக்கிறது. இரவு ஊட்டினேன், வாயைத் திறக்கவில்லை. புதன் அதே கதை. வியாழனும் அதே. "சாப்பிட்டாளா ராத்தா?" என்று கேட்டால், "கஞ்சி குடிக்கல்ல தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். எனக்கும் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பட்டை உரிக்கக் கற்றுக்கொடுத்தபோது கத்தி தண்டில் இருந்தது, மனம் பலாபத்வலயில் இருந்தது.

ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். மூன்று நாள் பட்டினி கிடந்த குழந்தை முற்றத்தில் கோழியை விரட்டிக்கொண்டு ஓடாது.

வியாழன் மாலை கண்ணனுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வந்துடறோம்," என்றேன். அவர் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை, அதுவே அழுகையை வரவழைத்தது. பிறகு ராத்தாவிடம் சொன்னேன். அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, தட்டுகளைக் கழுவத் தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை போயா. பௌர்ணமிக்கு இங்கே அரசு விடுமுறை, எனக்கும் வகுப்பு இல்லை. ஜவாத் நானாவின் தங்கை குடும்பம் யட்டவத்தயிலிருந்து வந்திருந்தது. போயா அன்று இறைச்சிக் கடை திறக்காது என்பதால் முதல் நாளே கோழி வாங்கி வைத்திருந்தார்கள். வெள்ளித் தொழுகையான ஜும்ஆ முடிந்து ஆண்கள் வந்ததும் இரண்டு சஹன் வைத்தார்கள். பெரிய தாம்பாளம் நிறையச் சோறு, மேலே கோழியும் கறிகளும். ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில், அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். ஆண்களுக்கு வெளி அறையில் ஒன்று, எங்களுக்கு உள்ளே ஒன்று.

"எனக்கு வேண்டாம், பாப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கணும்," என்று டப்பாவோடு நின்றேன்.

கை கழுவப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள் ஸஹ்ரா. என்னைத் தாண்டி ஓடிய மகிழ் இரண்டு கைகளையும் நீட்டிக் கழுவிக்கொண்டாள். ராத்தாவின் மடியை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தெளிவாக, "பிஸ்மில்லா" என்றாள். பிறகு பருப்புப் பக்கம் கையை விட்டாள்.

ஸஹ்ராவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர்களோடு ஒரே ஒரு வேளை மட்டும் சாப்பிட்ட குழந்தை இவ்வளவு பழக்கமாக உட்காருமா என்ன?

ராத்தாதான் முதலில் பேசினார். "செவ்வாக்கிழம பத்து மணிக்கே அழுதா தங்கச்சி. கஞ்சியக் காட்டினா மூஞ்சத் திருப்புறா. நாங்க பருப்பும் சோறும் திங்கக்குள்ள வந்து வாயத் தொறந்துட்டு நிக்கிறா. வீட்டுல ஒரு புள்ள வாயத் தொறந்துட்டு நிக்கக்குள்ள லிஸ்ட்டப் பாத்துட்டு ஈக்க ஏலுமா? நாலு நேரமும் திண்டா. அதுக்குப் பொறகு ஒங்கட கஞ்சிக்கு வயித்துல எடம் எங்க?"

"ஏன் ராத்தா என்கிட்ட சொல்லலை?"

"நேத்து சொல்லத்தான் நெனச்சேன். நீங்க டிக்கட்ண்டு சொன்னீங்க. இதையும் சொன்னா இண்டைக்கே போயிடுவீங்கண்டு பயம். பிஸ்மி நாங்க சொல்லிக் குடுக்கல்ல. எங்கட வாயப் பாத்துட்டு அவளே சொல்றா. கோவமா?"

கோபம் இருந்தது. அந்தச் சொல்லின் மேல் இல்லை. "ஆமா, கோவம்தான். அவ பட்டினின்னு நான் மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடலை."

நானாவின் தங்கையான யட்டவத்த மாமி கோழிக் காலைக் கடித்தபடியே சொன்னார்: "புள்ளக்கி ஈக்கிற புத்தி தாய்க்கு இல்லயே."

"அப்ப கையக் கழுவுங்க," என்றார் ராத்தா.

கழுவினேன். அந்த மத்தியானம் நான் சாப்பிட்ட அளவை எழுதப் போவதில்லை.

மாலையில் வீடியோவில் கண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஸஹ்ரா கொடுத்த வாழைப்பழத்துக்கு மகிழ் மறுபடியும் "பிஸ்மில்லா" சொன்னாள். "என்ன சொல்றா?" என்றார். "இங்க சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் சொல்றது," என்றேன். "சாப்பிட்டாளா?" "கேட்டு வாங்கி." "அப்ப டிக்கெட்ட மாத்திரு," என்றார்.

இப்படி வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சுற்றுலா விசாவில் படிக்க வராதீர்கள். அனுமதிக் கடிதம் கையில் வந்தபிறகு அதற்குரிய விசாவுக்கே விண்ணப்பியுங்கள். கண்டி பஸ்ஸில் பெட்டிக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். கேழ்வரகைச் சுமக்காதீர்கள். பலாபத்வலச் சந்தியில் குரக்கன் மாவு என்று கேட்டால் கொடுப்பார்கள். தங்குகிற வீட்டில் உங்கள் அறைக்குள் தனி அடுப்பு வைக்காதீர்கள். தொந்தரவு தரக்கூடாது என்று நான் செய்தது, அவர்களுக்கு "உங்கள் சோறு எங்களுக்கு ஆகாது" என்று பட்டிருக்கிறது. விதிகள் இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அவர்களோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டபின் சொல்லுங்கள். என் பட்டியலில் இப்போது தண்ணீரும் தும்மலும் மட்டும் மிச்சம். தும்மலுக்கு நேரே "மூணு" என்று ஸஹ்ரா எழுதி வைத்திருக்கிறாள்.

ஞாயிறு 12.40க்கு அந்த விமானம் நாங்கள் இருவரும் இல்லாமல் கிளம்பியது. அந்த நேரத்தில் ராத்தா என் நான்கு கிலோ மாவில் தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். சுடச்சுட ஒன்றைப் பிய்த்து மகிழுக்கு நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள். அதே துண்டை என் கையிலிருந்து வாங்கி ராத்தா நீட்டினார், தின்றுவிட்டாள்.

மிச்சத் துண்டை நான் தின்றேன்.