ஹங்கேரிய மொழியில் ‘வேர்’

சந்தேகம் என் கூடப்பிறந்தது. கடையில் பருப்பு வாங்கினால் பையின் அடிவரை கைவிட்டுப் பார்ப்பேன். பிரசங்கத்தில் போதகர் கண்கலங்கினால் நிஜமாகவே தண்ணீர் வருகிறதா என்று எட்டிப்பார்ப்பேன். அதனால்தானோ என்னவோ, கொழும்பிலிருந்து வரும் ஓர் இணைய இதழ் என்னை இசைப்பதிவுகளைப் பற்றி எழுத வைத்திருக்கிறது. பண்டாரவளையில் ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு இசை தெரிந்தது தேவாலயப் பாடகர் குழுவில் நின்று நின்றுதான்.

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் இதழாசிரியர் அழைத்தார். ஹங்கேரிய மொழியில் ஓர் ஓபரா, நூறு வருடத்துக்கும் பழசு. அதற்கு ஏகப்பட்ட பதிவுகள் இருந்தாலும் ஒரே ஒரு பழைய பதிவை மட்டும் உலகமே தலையில் தூக்கிவைத்து ஆடுகிறதாம். “அவ்வளவு பெருமைக்கு அது தகுதியா இல்லையான்னு நீங்க கேட்டு எழுதுங்க” என்றார். எல்லாரும் சேர்ந்து ஒன்றைப் புகழ்ந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். உடனே ஒத்துக்கொண்டேன்.

கதை சின்னது. கெட்ட பெயர் எடுத்த ஒருவன் புது மனைவியைத் தன் கோட்டைக்குக் கூட்டிவருகிறான். உள்ளே இருட்டு. சுவர்கள் ஈரமாகக் கசிகின்றன. ஏழு கதவுகள், ஏழும் பூட்டியிருக்கின்றன. அவள் ஒவ்வொரு சாவியாகக் கேட்கிறாள், அவனும் மனமில்லாமல் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறான். உள்ளே எதைப் பார்த்தாலும் அதில் இரத்தம். கடைசிக் கதவுக்குப் பின்னால் அவனுடைய முந்தின மனைவிகள் உயிரோடு நிற்கிறார்கள். பாடுவது இரண்டே பேர்தான்.

இதைக் கேட்க எனக்கு அது நல்ல காலம் இல்லை. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, அதுவும் நாற்பது தாண்டின பிறகு. அவர் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கிறவர். அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், திரும்பி வராமல், அங்கிருந்தே விவாகரத்துக்குச் சம்மதித்துவிட்டாள் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

வீடும் அங்கேதான் மலைச்சரிவில், ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அது சொந்த மண், சொந்தச் சுவர். நன்றாகத்தான் கட்டியிருந்தார். ஆனால் எங்கள் படுக்கையறையை ஒட்டின பின்னறை மட்டும் பூட்டியே இருந்தது. வந்த முதல் வாரமே கேட்டேன்.

“பழைய சாமான்” என்றார்.

“யாரோட சாமான்?”

“பழைய சாமான்தான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தச் சாவி அவருடைய தொழிற்சாலைச் சாவிக்கொத்தில் இருந்தது. லயத்து வீட்டுக்குள் பூட்டுப் போட்ட அறை ஏது? இருப்பதே ஓர் அறையும் முன்னால் ஒரு இஸ்தோப்புத் திண்ணையும். அப்படி வளர்ந்த மனிதர் சொந்த வீட்டுக்குள் ஒரு பூட்டுப் போட்டால் அதற்குப் பெரிய காரணம் இருக்கவேண்டும் என்று என் மனது கணக்குப் போட்டது. அவளுடைய சேலைகள், அவளுடைய படம், ஒருவேளை அவள் எழுதின கடிதங்கள். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அவர் உள்ளே போய் அவளோடு இருக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன். சில நாள் சாயங்காலம் அவர் நகத்திடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்திருக்கும். முகர்ந்து பார்த்தால் சீமெந்து வாசம். படத்தைப் பார்த்து அழுகிறவருக்குச் சீமெந்து எதற்கு? அந்த இடத்தில் மட்டும் என் கணக்கு உதைத்தது.

இந்த மனநிலையில்தான் தினமும் அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். ஐந்தாவது கதவு திறக்கும்போது மொத்த வாத்தியக் கூட்டமும் ஓர்கனும் சேர்ந்து ஒரே எழுச்சியாக எழும்புகிறது. புகழ்ந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் புல்லரித்துப்போகிறார்கள். எனக்கு அது ஊர்வலத்து வெடிதான். அதற்குப் பிறகு அவள் பாடுகிற சின்ன வரி இருக்கிறதே, அதுதான் விஷயம். அவன் தன் நாட்டையே காட்டுகிறான், அவளோ உன் நாடு அழகு, பெரிசு என்று வாத்தியத் துணைகூட இல்லாமல், ஒப்புக்குச் சொல்வதுபோலச் சொல்கிறாள். கல்யாணமாகி வந்த அன்று இவர் ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டினபோது நானும் அப்படித்தான் “நல்லாருக்கு” என்றேன். கண் பின்னறைப் பூட்டில் இருந்தது. பாடினவள் அந்தப் பொய்யை அச்சாகப் பிடித்திருந்தாள்.

ஆண் குரலைத்தான் நம்ப முடியவில்லை. கனமான, அவசரமில்லாத குரல், தேன் தடவினதுபோல. இன்னொரு புதிய பதிவில் ஆண் கர்ஜிக்கிறான், அவனைப் பார்த்துப் பயந்துவிடலாம். இவனோ கெஞ்சுகிறான். ‘குற்றவாளியை இவ்வளவு அழகாகப் பாடவைத்தது இந்தப் பதிவின் மோசடி’ என்று எழுதிவைத்தேன். எழுதும்போது யாரை நினைத்து எழுதினேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்து காதில் இடறியது. அவள் ஒவ்வொரு அறையிலும் எதையோ பார்த்து மிரண்டு ‘வேர்’ என்கிறாள். நகைகளைப் பார்த்தாலும் வேர், பூந்தோட்டத்தைப் பார்த்தாலும் வேர். பூந்தோட்டத்தில் சரி, நகையில் ஏது வேர்? அகராதியைப் பார்த்தேன். ஹங்கேரிய மொழியில் அந்தச் சொல்லுக்கு இரத்தம் என்று பொருள். உச்சரிப்பு நம் வேரேதான்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, காதில் மாட்டுகிற வயர் அறுந்துபோயிற்று. போனைச் சின்ன ஸ்பீக்கரில் கொடுத்து மேசையில் வைத்துக் கேட்டேன். மூன்றாவது கதவு போய் நான்காவது வந்தது. அந்தப் பெண் மிரண்டு பாடினாள். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தவர் கோப்பையோடு அதன் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“யாரு சொன்னா ஒனக்கு?”

“என்னது?”

“வேருன்னு. அந்தப் பொம்பள வேரு வேருன்னு கத்துதே. யாரு பதிஞ்சு அனுப்புனா?”

அது இரத்தம் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். சந்தேகப்படுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரே வித்தை, எதிராளியைப் பேசவிடுவது.

“நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“பின்னால நிக்கிற பெலாமரத்து வேருதான். வேற ஒண்ணுமில்ல. போன மாசமே வெட்டிட்டேன். இனிமே ஒண்ணும் ஆகாது.” சொல்லிக்கொண்டே சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்தார். பாட்டை நிறுத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே சேலையும் இல்லை, படமும் இல்லை. அறை வெறுமையாக, கூட்டிச் சுத்தமாக இருந்தது. எங்கள் படுக்கையறைப் பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு. கீழே என் விரல் உள்ளே போகும். வெடிப்புக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சீமெந்து வைத்து ஒட்டியிருந்தார். பல துண்டுகள் நடுவில் ஒடிந்திருந்தன. ஒடிந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் புதிது ஒன்று ஒட்டியிருந்தது. அவர் நகத்திடுக்குச் சீமெந்து இதுதான்.

“நீ வர்றதுக்கு முந்தியே பதுளையிலேருந்து மண்சரிவு ஆபீசருங்க வந்து பாத்தாங்க” என்றார். “மண்ணு நகருதான்னு பாக்கக் கண்ணாடி ஒட்டச் சொன்னாங்க. ஒடைஞ்சா வீட்ல இருக்கக்கூடாதுன்னாங்க.”

“ஒடைஞ்சிருக்கே.”

“அது வேரு தள்ளுனதால.”

“வேர வெட்டினதுக்கு அப்புறம் ஒட்டினது எது?”

அவர் காட்டினார். அதுவும் ஒடிந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை. எங்கள் பக்கம் சீமெந்து பூசி மறைத்திருந்த அந்தச் சுவருக்கு அடியில் ஒரு வருடமாகத் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். அவளுடைய சேலைகள் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். “அவ சாமான் எங்க?” என்று அப்போதும் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவளுதுன்னு என்னா இருக்கு? வெளிநாட்ல ஒழைச்சு அவ அனுப்புனதுதான் இந்தச் சொவரு. கட்டி முடிக்கையில அவளுக்கு வர மனசில்லாம போச்சு. இத விட்டுட்டுப் போனா என்கிட்ட என்னா இருக்கும்? வீடு இருக்குன்னுதானே நீயும் என்னயக் கட்டிக்கிட்ட?”

அது பொய் இல்லை. வீடு இருக்கிறதா என்று முதலில் கேட்டவள் நான்தான். “மழ விடட்டும், பாத்துக்கலாம்” என்றார். “மழ விட்டா எதுக்குப் போகணும்?” என்றேன். “நீங்க வராட்டியும் நான் போறேன். ஆனா வாங்க.” உடுப்புகளைப் பையில் திணித்தேன். அவர் வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என் பின்னால் வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே பண்டாரவளை பஸ்ஸில் ஏறிவிட்டோம். என் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், “மெய்யாலுமே அந்தப் பாட்டுல வேருன்னா என்னா?” என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கட்டுரையில் மோசடி என்ற வரியை அடித்துவிட்டேன். அந்தப் பழைய பதிவு தன் பெருமைக்குத் தகுதியானதுதான், ஆனால் எல்லாரும் சொல்கிற அந்தப் பெரிய இரைச்சலுக்காக அல்ல, சாவியைக் கொடுக்கும்போது ஆணின் குரலில் இருக்கும் பயத்துக்காக என்று எழுதினேன். கர்ஜிக்கிறவர்களிடம் அது இல்லை. அவன் நல்லவன் என்று நான் எழுதவில்லை. ஆசிரியர் அப்படியே போட்டார்.

இப்போது பண்டாரவளையில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு. வாசல் கதவுக்கு இரண்டு சாவி வெட்டச் சொல்லி ஒன்றை என் கைப்பையில் வைத்திருக்கிறேன். தெமோதரை வீடு இன்னும் நிற்கிறது. ஞாயிறுதோறும் அவர் அதைப் பார்த்துவரப் போகிறார். “இந்த வாரம் கண்ணாடி ஒண்ணும் ஒடையல. வெயில் வந்ததும் திரும்பிறலாம்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். நான் சரி என்பேன். கை கழுவப் போகுமுன் அவருடைய விரல்களைப் பிடித்து நகத்திடுக்கைப் பார்ப்பேன். அவரும் கையை இழுத்துக்கொள்ளாமல் நீட்டிக்கொண்டு நிற்பார். போன ஞாயிறு அதில் சீமெந்து இருந்தது.