சட்டை உரிக்கும் நாள்

கண்ணாடிக்காரரின் வாயிலிருந்து ஒரு தகவலைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கடைவீதியின் பெரிய பல்பொருள் அங்காடியில் பில் போடும் பெண் எல்லோரிடமும் கேட்பதுபோல அவரிடமும் போன் நம்பர் கேட்பாள். ஒரு சோப்பு வாங்கியவனின் நம்பர் உங்களுக்கு எதற்கு, சோப்பு கரைந்ததும் கூப்பிட்டுத் துக்கம் விசாரிக்கவா என்று அவர் திருப்பிக் கேட்பார். வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கூட வந்த மகள் இந்த மனிதருக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நாலடி தள்ளிப்போய் பிஸ்கட் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவருக்கு வேலை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்பக்கம் குளிர்சாதனமும் நிலைக்கண்ணாடிகளும் பளபளக்கும். பின்னறையில் ஒரு மெஷின், ஒரு குழாய், ஒரு மேஜைவிளக்கு. வட்டமாக வரும் லென்ஸை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த பிரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்து, உட்காரவைத்து, பொடித் திருகாணியை முடுக்கிக் கொடுக்க வேண்டும். மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் லென்ஸ் ஆடும், குறைந்தால் உட்காராது. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அவருக்கு அந்த அறை பிடித்திருந்தது.

வீட்டில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். வைத்தவள் மனைவி. போன் கேமராவின் மேல் கறுப்பு டேப், எந்தப் படிவத்திலும் பாதிக் கட்டங்கள் காலி. மகள் கல்யாணத்தில் போட்டோக்காரரை ஓரமாகக் கூட்டிப்போய், ஒரு படம்கூட இணையத்துக்குப் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கினார். பெண்ணின் அப்பா மேல் ஏதோ கேஸ் இருக்கிறது போல என்று சம்பந்தி வீட்டில் கிசுகிசுத்தார்கள். மனைவி இருந்தவரை இதையெல்லாம் சிரித்துச் சமாளித்தாள். அவள் போன பிறகு சமாளிக்க ஆளில்லாமல் வெறும் பிடிவாதம் மட்டும் மிஞ்சியது.

அவர் மனம்விட்டுப் பேசிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது இணையத்தில் இருந்த 'சாத்திய கதவு' என்ற குழு. எந்தச் செயலி நம் போனில் மூக்கை நுழைக்கிறது, எந்தக் கம்பெனி தன் தொழிலாளிகளின் முகத்தைப் படம் பிடித்துச் சேர்க்கிறது, அதை எப்படித் தட்டிக்கேட்பது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவர்களின் கூட்டம். கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள். பெண்களின் படங்களைத் திருடி மிரட்டுகிறவர்களிடமிருந்து நிறையப் பேரை மீட்டிருக்கிறார்கள். அங்கே யாருக்கும் ஊர் பேர் கிடையாது, புனைபெயர்தான். எழுதியது எல்லாம் ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும். அங்கே அவர் பெயர் 'ஆணி'.

ஆணிக்கு அங்கே ஒரு சிநேகிதம் வாய்த்தது, 'மழைக்கோட்டு' என்ற பெயரில். ஆணி யாரையாவது காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தால், மழைக்கோட்டு நடுவில் புகுந்து ஒரு கிண்டலில் சண்டையை முடித்துவிடுவார். இருவரும் தனியாகவும் எழுதிக்கொள்வார்கள். சொந்தக் கதை பேசக் கூடாது என்பது குழுவின் ஒழுங்கு, அதனால் மனைவி இறந்ததை ஆணி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் காரியங்கள் முடிந்து திரும்பிய அன்றே மழைக்கோட்டு தனியாக எழுதியிருந்தார்: "ஆணி, வந்ததுல இருந்து யாரையும் திட்டவே இல்லையே. என்ன ஆச்சு?" பின்னறையில் மெஷினை நிறுத்திவிட்டு அவர் முதல்முறையாக அழுதது அதைப் படித்துத்தான். ஒழுங்கை மீறி, மனைவி போனதையும் தான் அழுததையும் மழைக்கோட்டுக்கு மட்டும் எழுதினார்.

பிறகு ஒரு விபரீதம் நடந்தது. குழுவிலிருந்த ஒரு பள்ளி ஆசிரியரின் பழைய பதிவுகளை எவனோ அவை அழிவதற்கு முன்பே படம் பிடித்து வருடக்கணக்காகச் சேர்த்துவைத்து, ஒன்றோடொன்று கோத்து, ஆள் யாரென்று கண்டுபிடித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டான். ஆசிரியருக்கு வேலை போயிற்று. அப்போதுதான் ஆணி ஒரு யோசனை சொன்னார். வருடத்துக்கு ஒரு நாள் எல்லாக் கணக்குகளையும் அழித்துவிட்டு, அன்றைக்கே எல்லோரும் புதுப் பெயரில் உள்ளே வர வேண்டும். யார் எந்தப் பழைய ஆள் என்று யாரும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பின்னால் ஒருவன் வந்து நான்தான் பழைய இன்னார் என்று கதவைத் தட்டினால் அவன் உளவாளி. ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் விரட்ட வேண்டும். பாம்பு சட்டை உரிப்பதுபோல என்று யாரோ சொல்ல, அதற்குச் 'சட்டை உரிக்கும் நாள்' என்றே பெயர் நிலைத்தது. யோசனையை முதலில் ஆதரித்தது மழைக்கோட்டு. வெளியிலிருப்பவர்கள் உள்ளே வரக் கேட்டு எழுதும் 'வாசல்' பக்கத்தின் காவலும் ஆணியின் பொறுப்பானது. எந்தப் பெயரில் உள்ளே இருந்தாலும் தட்டுகிறவர்களுக்கு அவர் ஆணிதான்.

முதல் இரண்டு தடவை சிக்கலில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் மழைக்கோட்டின் கிண்டலை அவர் நொடியில் மோப்பம் பிடித்துவிடுவார். இருவரும் தெரியாதவர்கள்போல வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளுக்குள் சிரிப்பார்கள். மூன்றாவது தடவை சட்டை உரித்தபோது, ஆரம்பத்தில் ஆளைக் காணோம். பிறகு 'கரண்டி' என்று ஒருவர் தலைகாட்டினார். காரசாரமான ஒரு விவாதத்தில் "எல்லாரும் தண்ணி குடிச்சுட்டு வாங்க, அப்புறம் வெட்டிக்கலாம்" என்று எழுதினார். கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றே தனியாக எழுத ஆரம்பித்துவிட்டார்.

சிநேகிதம் விட்ட இடத்திலிருந்து தொடர்வதாகத்தான் அவர் நம்பினார். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருப்பதையும், அடுத்தவர் கண்ணுக்கு உழைத்த தனக்கு இது வேண்டியதுதான் என்பதையும் சொன்னார். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள், மாப்பிள்ளை முகத்தில் அவ்வளவு சந்தோஷம் தெரியவில்லை என்று சொன்னார். கரண்டி சுருக்கமாகவே பதில் எழுதினார். அதைப் பார்த்து, எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று இவர் மெச்சிக்கொண்டார். மனிதனுக்கு நம்ப ஆசை வந்துவிட்டால் கண் இருந்தும் என்ன பிரயோஜனம்?

இந்த நிலையில்தான் வாசலில் ஒருவர் தட்டினார். "ஆணி, இருக்கீங்களா? நான் மழைக்கோட்டு. ஆஸ்பத்திரியில கிடந்தேன், சட்டை உரிக்கிற நாள் தவறிப்போச்சு. உள்ள விடுங்க." கண்ணாடிக்காரர் அதை இருமுறை படித்தார். மழைக்கோட்டு உள்ளே இருக்கும்போது வெளியில் நின்று அந்தப் பெயரைச் சொல்கிறவன் யார்? இதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும்? பதில் சொல்லாமல் விரட்டிவிட்டு, உளவாளி வந்திருக்கிறான் என்று குழுவை எச்சரித்தார். எல்லோரும் பாராட்டினார்கள். கரண்டியும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

சில நாள் கழித்து வேறு கணக்கிலிருந்து மறுபடி தட்டல். "உங்க வீட்டம்மா போனப்போ நீங்க மெஷினை நிறுத்திட்டு அழுததா எழுதினீங்க. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்பவாவது நம்புங்க." இதைப் படித்ததும் அவர் மெஷினை நிறுத்தினார். ஆனால் நிறுத்திய காரணம் வேறு. அந்தரங்கம் வரைக்கும் வந்துவிட்டான், மழைக்கோட்டின் பழைய போன் எவன் கையிலோ சிக்கியிருக்கிறது, அழியாமல் ஏதோ அதில் மிஞ்சியிருக்கிறது என்றுதான் அவர் மூளை கணக்குப் போட்டது. உங்கள் பழைய போனை ஒழித்துக்கட்டுங்கள் என்று கரண்டியிடம் மன்றாடினார். கரண்டி "சரிங்க" என்றார்.

மூன்றாவது முறை வந்ததுதான் கடைசி. "சரி ஆணி, காவல்னா இப்படித்தான் இருக்கணும். உங்க மேல கோபம் இல்ல. நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஆபரேஷன். பயமா இருக்கு. சொல்றதுக்கு வேற ஆள் இல்ல, அதான் வந்தேன்." மதியச் சாப்பாட்டு நேரம், ஒரு கையில் டப்பா மூடி. படித்தார். என்னமாய் நடிக்கிறான் என்று ஒரு கணம் வியக்கக்கூடச் செய்தார். அழித்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தார். அந்த நிம்மதியான சாப்பாட்டைப் பின்னாளில் அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

உண்மை கரண்டியின் வாயிலிருந்தே வந்தது. தான் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் ஆள் என்றும், குழுவுக்கு இந்த வருடம்தான் புதிதாக வந்ததாகவும், உள்ளே இருக்கும் ஒருவர் சொல்லிச் சேர்ந்ததாகவும் எழுதினார். "நீங்க என்னை வேற யாரோன்னு நினைச்சுப் பேசுறீங்கன்னு கொஞ்ச நாளாவே தோணுது. அந்தப் பழைய போன் விஷயம் எனக்குச் சுத்தமா புரியல. பெரியவங்க மனசு நோகுமேன்னு சும்மா இருந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

மெஷினில் இருந்த லென்ஸ் ஓரம் சிதறிப் போயிற்று. அதை எடுத்துப் போடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வாசல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அந்த மூன்று செய்திகளும் இருக்காது என்று தெரிந்தேதான் பார்த்தார், அழித்தது அவர்தானே. திருப்பி எழுத முகவரி இல்லை, கூப்பிட நம்பர் இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் எழுதியது அத்தனையும் வாரா வாரம் காற்றோடு போய்விட்டது. ஒரு தடயமும் மிச்சமில்லாமல் செய்திருந்தார்கள், அவ்வளவு நேர்த்தி.

அன்று மாலை அவர் நேராக மகள் வீட்டுக்குப் போனார். தன் படத்தை எடுத்து, தன் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாவற்றோடும் இணையத்தில் போடச் சொன்னார். ஆணி என்பவன் நான்தான், மழைக்கோட்டு எங்கிருந்தாலும் என்னைக் கூப்பிட வேண்டும், தவறு என்னுடையது என்று அதன் கீழே எழுதச் சொன்னார். குழந்தையின் படத்தைப் போட்டதற்காகத் தன்னோடு வெகுநாள் பேசாமலிருந்த அப்பாவா இது என்று மகள் நம்ப முடியாமல் பார்த்தாள்.

"யாருப்பா அவங்க?"

"சிநேகிதம்."

"பேரு?"

"தெரியாது."

"ஆம்பளையா, பொம்பளையா? அதைச் சொன்னாலாவது தேட வசதியா இருக்கும்."

அவர் யோசித்துப் பார்த்தார். "அதுவும் தெரியாதும்மா" என்றார்.

மகள் வெளிச்சம் விழும் இடத்தில் அவரை உட்காரவைத்து, தலையைக் கையாலேயே கோதிவிட்டு, படம் எடுத்தாள். ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பேசும் பக்கங்களில் எல்லாம் அதைப் பரப்பினாள். குழுவில் செய்தி தெரிந்து வசை பொழிந்தார்கள். எங்கள் எல்லோருடைய அடிமடியிலும் கைவைத்துவிட்டார் என்றார்கள். காவல் பொறுப்பைப் பறித்து வெளியே அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

போன் வந்தது, வந்தபடியே இருந்தது. கடன் வேண்டுமா என்றார்கள், வீட்டுமனை வேண்டுமா என்றார்கள். நான்தான் மழைக்கோட்டு என்று குரலை மாற்றிப் பேசிக் கெக்கலித்த வெட்டிப் பயல்களும் உண்டு. எவனையும் அவர் திட்டவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றையும் எடுத்து, சொல்லுங்க என்றார். முதலாளிக்கு எரிச்சல்தான், ஆனாலும் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விடுவார்.

ஒரு நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். நர்ஸ் என்றாள். மழைக்கோட்டு என்று போட்டிருப்பதைப் பார்த்ததால் கூப்பிடுவதாகச் சொன்னாள். அவள் வார்டில் இருந்த ஒருவருக்குக் கையில் ஊசி ஏற்றியிருந்ததால், அவர் சொல்லச் சொல்ல இவள்தான் போனில் தட்டிக் கொடுத்தாளாம். பதில் வருகிறதா என்று இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"பதில் வரலைன்னதும் சிரிச்சாங்க சார். எங்க காவல்காரர் கெட்டிக்காரர், லேசுல ஏமாற மாட்டார்னு பெருமையா சொன்னாங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணு முழிக்காமலே போயிட்டாங்க சார்" என்றாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பெயரை மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டார். நினைத்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார்.

"நீங்க அவங்களுக்குச் சொந்தமா சார்?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அந்தப் பெண் சொல்லிவிடுவாள் என்று குரலிலேயே தெரிந்தது. நோயாளியின் பெயரைச் சொந்தக்காரர் அல்லாத யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரிகளில் விதி வந்தது சமீபத்தில்தான். சொந்தம் என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை எப்படி மடக்குவது என்று நர்சுகளுக்காக ஒரு குறிப்பும் கூடவே போயிற்று. அந்த விதிக்காகக் குழு அலையாய் அலைந்தது. குறிப்பை எழுதியது ஆணியும் மழைக்கோட்டும்.

"இல்லம்மா, சொந்தம் இல்ல" என்றார்.

"அப்ப நான் சொல்லக் கூடாதுங்க. மன்னிச்சுக்கோங்க."

"ஆமா, சொல்லக் கூடாது" என்றார் அவர். "யார் கேட்டாலும் சொல்லிடாதீங்கம்மா. நான் திரும்பக் கூப்பிட்டு அழுதாலும் சொல்லாதீங்க."