டெக்சாஸ் போய் வந்த கேசட்

அந்த வீடியோ கேசட்டின் முதுகில், ஓரமாக, ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அங்கே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டைச் சித்தி ஸ்பூன் காம்பால் நெம்பி உடைத்திருந்தாள். அந்தத் துண்டு போய்விட்டால் கேசட்டில் வேறு எதையும் பதிய முடியாது. பள்ளத்தின்மேல் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்பது அப்பாவுக்குத் தெரியும். உடைத்தவள் எதற்கு உடைத்திருப்பாள் என்று யோசிக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டிலேயே தங்கி மாஸ்டர்ஸ் முடித்து, ஒரு லேபில் மாலை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விசா ஆறு மாதத்தில் முடிய இருந்தது. அதற்குள் கல்யாணம் ஆகாவிட்டால் திருச்சிக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்பா ஊர் ஊராக போன் போட்டு, டெக்சாஸில் பேர்லேண்டில் ஒரு டாக்டர் மாப்பிள்ளையைப் பிடித்தார். கிரீன் கார்டு, சொந்த வீடு, இரண்டு கார். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம். இனி பெண்ணைப் பார்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்து பஜ்ஜி சாப்பிட யாருக்கு நேரம் இருந்தது? அப்போதெல்லாம் பெண்ணை வீடியோ எடுத்து அனுப்புவார்கள். உட்கார், எழுந்திரு, நட, சிரி. பத்து நிமிடம். நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்பா அலுவலக நண்பரிடம் கேமரா இரவல் வாங்கினார். கேசட் மட்டும் புதிதாக வாங்க மனம் வரவில்லை. அலமாரியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பள்ளத்தில் டேப்பை ஒட்டினார். புல்தரையில் சித்தியைப் பட்டுப்புடவையில் நடக்க வைத்து எடுத்து, மறுநாளே தபாலில் சேர்த்துவிட்டார். அன்று மாலை சித்தி அலமாரியைக் குடைந்தாள்.

"அத்தான், இங்க இருந்த என்னோட படம் எங்க?"

"அதுலதான்மா உன்னையே எடுத்திருக்கேன். பத்து நிமிஷம்தான் போச்சு. மிச்சம் அப்படியே இருக்கு."

சித்தியின் முகம் வெளுத்துப் போனது. ஏனென்று எனக்குத் தெரியும். அது சித்தி டிவியிலிருந்து பதிந்து வைத்திருந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம். தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் ஒருத்தியை அந்தக் கடை முதலாளியும் கல்யாணத்துக்குக் கேட்கிறான், பியானோ ரிப்பேர் செய்கிற காசில்லாதவனும் கேட்கிறான். பணமா, மனசா என்று சிரிக்கச் சிரிக்க இழுத்துக்கொண்டே போகும். நான் இரண்டு காட்சி பார்த்துக் கொட்டாவி விட்டு எழுந்து போனவள். சித்தி கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்ப்பாள். அவளுடைய லேபில் பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். மாணவர் விசா, கிறிஸ்தவர். அவர் காரில் டிரைவர் பக்கக் கதவு திறக்காது, அடுத்த பக்கம் ஏறித்தான் நகர்ந்து உட்காருவார். சித்தியை எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னாலேயே இறக்கிவிட்டுப் போவார். இது அந்த வீட்டில் எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் தன் மனசையும் பார்த்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

"பத்து நிமிஷம் பாத்துட்டு நிறுத்திடுவாங்க, விடு" என்றார் அப்பா. அடுத்த இரண்டு வாரம் போன் மணி அடித்தால் சித்தி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அக்கா வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அத்தானிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை.

ஒரு ஞாயிறு காலை பேர்லேண்டிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணோடு பேச வேண்டும் என்றார். அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "மாடி போனை எடுத்து என்ன பேசறாங்கன்னு கேளு" என்று என்னை உளவுக்கு அனுப்பினாள். மூச்சை அடக்கிக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"வீடியோல லட்சணமா இருக்கேம்மா. அது முடிஞ்சதும் ஒரு படம் ஓடிச்சு பாரு. ஆஃப் பண்ண மனசு வரல, உக்காந்து பாத்துட்டேன். கடைசில கட் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு யாரைக் கட்டிக்கிட்டா?"

படம் கடைசியில் கட் ஆனதென்றால், அப்பா எடுத்த அழகில் ஏதோ கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். கீழே அப்பா சித்தியின் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

"அந்தப் பியானோக்காரனைத்தான் ஆன்ட்டி."

"அந்த முதலாளி நல்லவனாச்சேம்மா. வீடு, வாசல் எல்லாம் இருந்துச்சே."

"நல்லவர்தான் ஆன்ட்டி. அவரை ஒண்ணும் சொல்றதுக்கில்ல." சித்தி அவசரமாகத் தொடர்ந்தாள். "அவ மனசு முன்னாடியே வேற பக்கம் போயிடுச்சு."

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ வீட்ல தெரியுமாம்மா?"

"இன்னும் தெரியாது ஆன்ட்டி."

"சரிம்மா. போனை உங்க அத்தான்கிட்ட குடு."

சித்தியின் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். அந்த அம்மாள் அப்பாவிடம் பெண் நன்றாகப் பேசுகிறாள், யோசித்து லெட்டர் போடுகிறோம் என்று மட்டும் சொன்னார். பெண்கள் சினிமாக் கதை பேசுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அம்மா என்னைக் கேட்டபோது, "படத்தைப் பத்திதான் பேசினாங்க" என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்துக் கேசட் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதம். தங்கள் ஜோசியர் மறுபடி பார்த்ததில் ஜாதகம் பொருந்தவில்லை, மன்னிக்கவும். "எட்டுப் பொருத்தம்னு அவங்கதானே சொன்னாங்க!" என்று அப்பா குதித்தார். அவருடைய கோபமெல்லாம் டெக்சாஸ் மேல் போனது. சித்தி மேல் ஒரு சொல் விழவில்லை. முகம் தெரியாத அந்த அம்மாளுக்கு நான் மனதுக்குள் செய்த நமஸ்காரம் கொஞ்சமில்லை.

விசா முடிவதற்குள் சித்தி பாளையங்கோட்டைக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா ஆறு வருடம் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனாலும் பழைய மாதிரி இல்லை.

அப்பா காலமான பிறகு, போன மாதம், வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. டேப் பழுத்துப்போய் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சித்தியும் சித்தப்பாவும் இப்போது அதே டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பழைய பிளேயர் இன்னும் ஓடுகிறது என்றார்கள். எடுத்துக்கொண்டு போனேன். திரையில் சித்தி பட்டுப்புடவையில் நடக்க, பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "கொஞ்சம் சிரிம்மா. பயப்படாதே, நான் இருக்கேன்ல." சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு படம் ஓடியது. கல்யாண உடையில் தொப்பிக் கடைக்காரி மாடிப்படியில் நிற்கிறாள். கீழே முதலாளி காத்திருக்கிறான். அடுத்த வீட்டில் யாரோ பியானோ வாசிக்கிறார்கள். அதோடு கேசட் நின்றது.

"மிச்சம் எந்தக் கேசட்ல இருக்கு சித்தி?"

"மிச்சம் ஏது? டைமர் வெச்சுட்டு ஷிப்ட் போனேன். விளம்பரம் எல்லாம் சேந்து, கேசட் பத்தல. இவ்வளவுதான் ரெக்கார்ட் ஆச்சு."

"அப்ப அந்த ஆன்ட்டி கேட்டப்ப?"

"எனக்கும் தெரியாது. அத்தான் பக்கத்துல நிக்கறாரு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

சித்தப்பா போனைக் கையில் எடுத்தார். "இப்பதான் எல்லாம் இன்டர்நெட்ல இருக்கே. தேடிப் பாத்துடலாமா?"

"ஒண்ணும் வேணாம்" என்றாள் சித்தி. எழுந்து போய்க் கேசட்டை வெளியே எடுத்தாள். அப்பா ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கேசட்டை என்னிடம் திருப்பித் தராமல் உள்ளே கொண்டு போனாள்.