ஸ்டேஷன் பக்கத்து ஏலக்காய் ஸ்டோர்

இது நடந்தது. போன வருடம், ஐப்பசி மழையில், மாத்தளை டவுனில், பட்டப்பகலில் நடந்தது. பர்ஸானாவிடம் போய்க் கேட்டால் இதைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். ஆனால் பொய் என்றும் சொல்லமாட்டாள்.

பர்ஸானா கட்டடக் கலை படித்தவள். தனியாகக் கிடைத்த முதல் வேலை அது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பழைய ஏலக்காய் ஸ்டோரை ஒரு கொழும்புக்காரர் ஹோட்டல் நடத்த வாங்கியிருந்தார். இடித்துவிட்டுக் கட்டுவதா, இருப்பதைத் திருத்துவதா என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. இடிக்க விடக் கூடாது என்று பர்ஸானா மனதுக்குள் தீர்மானித்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அளந்து, வரைந்து, அவர் கண்ணுக்கு முன்னால் விரித்துவிட வேண்டும்.

ஆசைப்படத் தக்க கட்டடம்தான். கண்டியிலிருந்து வரும் ரயில் பாதை மாத்தளையோடு முடிந்துவிடுகிறது. அந்த முடிவில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. மூட்டைகளை நேராக ரயில் பெட்டிக்குள் தள்ளுவதற்காகத் தரையைப் பெட்டியின் உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். உள்ளே இரண்டு வரிசை இரும்புத் தூண்கள், கப்பலில் வந்து இறங்கியவை. இரண்டு முழத் தடிப்பில் சுவர். ஜன்னலே இல்லை. கூரையோரத்தில் மட்டும் சின்னச் சின்னக் கண்ணாடிகள், அவற்றின் வழியாக ஒரு சாம்பல் வெளிச்சம். தண்டவாளப் பக்கத்துக் கதவுகளை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மிச்சம் வீதிப் பக்கத்துப் பெரிய கதவு ஒன்றுதான். அதற்கு வெளியே தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே ஒரு பிடிகூட இல்லை.

"உள்ள ஏன் பிடி வைக்கல, நோபர்ட் அண்ணா?"

நோபர்ட் அவளோடு வந்திருந்த கட்டட வரைபடக்காரர், பக்கத்து உக்குவளை ஊர்க்காரர்.

"களவுக்குப் பயந்துதான் மிஸ். உள்ள வேலை செய்றவங்க தானா வெளிய போயிடக் கூடாதுல்ல."

அவர் குடையை விரித்துக்கொண்டு வெளிச்சுவரை அளக்கப் போனார். பர்ஸானா கதவு மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். நேரம் மூன்று நாற்பது.

முதலில் மணம்தான் வந்தது... ஏலக்காய் மணம். பச்சையாக, அப்போதுதான் நசுக்கியதுபோல. அந்த ஸ்டோரில் ஏலக்காய் வைத்து எத்தனையோ காலமாயிற்று. பிறகு அரிசி வைத்தார்கள், சீமெந்து வைத்தார்கள், கடைசியில் எதுவுமே இல்லை. சுவரில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசற்படியில் தூரம் அளக்கும் லேசர் மீட்டரை வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினாள். தூரத்தில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

பீப். 24.38 மீட்டர்.

எந்த அளவையும் இரண்டு தடவை எடுப்பது அவள் பழக்கம். மறுபடி அமுக்கினாள்.

பீப். 17.10.

நிமிர்ந்து பார்த்தாள். வெறும் தரை. சிவப்புப் புள்ளி அதே எதிர்ச் சுவரில்தான் இருந்தது. மீட்டரின் கண்ணாடியில் தூசி பட்டிருக்கும். சட்டை ஓரத்தால் துடைத்துவிட்டு அமுக்கினாள்.

பீப். 11.62.

"நோபர்ட் அண்ணா..."

கூரையில் மழை கொட்டியது. அவருக்குக் கேட்டிருக்காது.

இனி அளக்கக் கூடாது என்று பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். எடுத்த பிறகும்...

பீப்.

6.05.

நடுவில் யாரும் இல்லை. தூண்கள். தூசி. புள்ளி சுவரில் ஆடாமல் நின்றது.

பீப். 3.20.

ஏலக்காய் மணம் மூக்கில் ஏறியது. அதற்குள்ளே இன்னொரு மணம். வியர்வை. பல நாள் குளிக்காத உடம்பின் மணம்.

பீப். 1.15.

கால் அசையவில்லை. வாய்க்குள் ஓதத் தொடங்கினாள். பாதியில் வார்த்தை மறந்துபோயிற்று.

பீப். 0.30.

முகத்துக்கு முன்னால் யாரோ மூச்சு விட்டார்கள். சூடாக.

அப்போதுதான் அவளுக்குப் பட்டது. அது அவளிடம் வரவில்லை. அவள் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

விலகினாள்.

செங்கல் தரையில் உராய்ந்து நகர்ந்தது. கதவு அகலத் திறந்தது. வாசலுக்கு வெளியே, கூரையடியில் மழைக்கு ஒதுங்கிப் படுத்திருந்த நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து வழிவிட்டு நின்றன.

பீப்.

24.38.

பர்ஸானா மழையிலேயே வேனுக்கு ஓடினாள். நோபர்ட் என்னவென்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அன்று ஸ்டோரைப் பூட்ட அவளுக்கு மனம் வரவில்லை; நோபர்ட்டையும் பூட்ட விடவில்லை. இரவு அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

வியாழக்கிழமை உடம்பு தேறியதும், ஸ்டோருக்கு எதிரில் மிளகுக் கடை வைத்திருக்கும் ஜைனுதீன் ஹாஜியாரிடம் போனாள். அந்த வீதியிலேயே பிறந்த மனிதர். அவர் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"எந்த நாள் மகள்?"

"செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்குக் கொஞ்சம் முந்தி."

ஹாஜியார் எதிரில் இருந்த ஸ்டோரைப் பார்த்தார்.

"காத்தாயின்னு ஒருத்தி. இரத்தோட்டைத் தோட்டத்திலருந்து இந்த ஸ்டோருக்கு ஏலக்காய் பொறுக்க வருவா. ஐம்பத்தெட்டுல கலவரம்னு ஒரு சத்தம் வந்ததும் எல்லாரும் உயிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடியிருக்காங்க. அவ பின்னால மூட்டை மறைவுல இருந்தது யாருக்கும் தெரியல. கதவப் பூட்டிட்டாங்க. அதுக்குப் பொறகு நாலு நாள் ஊரடங்கு."

"யாருக்குமே கேக்கலையா?"

"கேட்டிச்சு. தட்டுற சத்தம் இந்த வீதிக்கே கேட்டிச்சு. எங்க வாப்பாவுக்கும் கேட்டிச்சு. கலவர நேரத்துல தட்டுனா எவன் மகள் கதவத் திறப்பான்? கடைசியில திறந்தப்ப அவ கதவடியிலதான் கிடந்தாளாம்."

பர்ஸானா எதிரே ஸ்டோர் வாசல் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

"வீட்டுல மூணு வயசுப் புள்ளைய விட்டுட்டு வந்தவ. அந்தப் புள்ள மாரிமுத்து பெரியாளாகி எங்க கடையிலதான் மூட்டை தூக்கினார். கல்யாணம் கட்டல. இரத்தோட்டையில அதே தோட்டத்து லயத்து வீட்டுல தனியாவே இருந்தார். நான் இப்ப அவர்ட சாவு வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாறன்."

"எப்ப மௌத்தானார்?"

"செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஏழு மணி இருக்குமாம்."

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு நடந்து போனால் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

"யாரோ கதவத் தட்டியிருக்காங்க. அவர் போய்த் திறந்திருக்கார். பக்கத்து வீட்டுக் காம்பராவில இருந்தவங்க எட்டிப் பாத்தா வெளிய ஒருத்தரும் இல்லையாம். மழை மட்டும்தானாம். ஆனா அந்த எழுபது வயசு மனுசன் சின்னப் புள்ள மாதிரி விம்மி விம்மி அழுதுக்கிட்டு, இருட்டப் பாத்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாராம்."

"என்னது?"

"'ஏம்மா இவ்வளவு நேரம்?'"