மூன்று பூ ஓட்டு

வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். மீனம்மாளின் விரல்கள் அதுபாட்டுக்கு மல்லிகையை நாரில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். முழம் குறைகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் கை நிற்கும். "அளந்து பாருங்க. கொறஞ்சா சும்மாவே கொண்டு போங்க" என்பார்.

காரைக்குடிக் கோயில் வாசலில் பூ விற்கும் நாற்பது பேருக்கும் அவர்தான் தலைவி. சம்பளம் கிடையாது, அங்கிருக்கும் ஒரே வேப்பமர நிழல் தலைவிக்கு. வெயிலில் பூ வதங்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் அந்த நிழல் பெரிய காரியம்.

போன வருடத் தேர்தலில் ஆளுக்கொரு பூவை மூடுகூடைக்குள் போட்டார்கள். போட்டியிட்ட மூவரில் மீனம்மாளுக்கு மல்லி, ஜரீனாவுக்குக் கனகாம்பரம், சத்தியப்பிரியாவுக்குச் செவ்வந்தி. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. மல்லி பதினாறு, மற்ற இரண்டும் அதற்குக் கீழே. ஜெயித்தவருக்குத்தான் அது உறுத்தியது.

"நாப்பதுல இருபத்திநாலு பேரு என்னைய வேணாம்னுருக்காக. பெறகு என்ன தலைவி?" என்று தோற்ற ஜரீனாவிடமே புலம்பினார்.

இந்த வருடம் அவரே ஒரு வழி சொன்னார். மூன்று பூவையும் பிடித்த வரிசையில் நாரில் கட்ட வேண்டும். நார் நுனியில் ஒரு வளையம். அதை ஒட்டிய பூ முதல் விருப்பம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், குறைந்த ஓட்டு வாங்கியவரின் பூவைக் கிள்ளிவிட்டு, அந்தச் சரங்களில் அடுத்த பூவை எண்ணுவது.

"இதுக்கு உச்சிப்பொழுதாயிரும்க்கா. ஒத்தப் பூவுன்னா போட்டுட்டு யாவாரத்தப் பாக்கலாம்" என்றாள் சத்தியப்பிரியா. அவள் சொன்னதும் நியாயம்தான். தேர்தலன்று வளையம் போட மறந்தவர்கள் அவிழ்த்து மறுபடி கட்டியதிலேயே காலை வியாபாரம் பாதி போனது.

"யக்கா, பழையபடி இருந்தா நீங்கதானே ஜெயிப்பீக" என்றாள் ஜரீனா.

"அதான் வேணாங்கேன்."

முதல் எண்ணிக்கையில் மல்லிக்கு அதே பதினாறு. செவ்வந்தி கடைசி. சத்தியப்பிரியாவே தன் பூக்களைக் கிள்ளிப் போட்டாள். அடுத்திருந்தது பெரும்பாலும் கனகாம்பரம். கூட்டிப் பார்த்தால் ஜரீனா இருபத்தொன்று, மீனம்மாள் பத்தொன்பது.

மீனம்மாளுக்கு வலிக்காமல் இல்லை. பூக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு எழுந்து, நிழலில் கிடந்த தன் சாக்கை உருவி வெயிலில் விரித்தார். ஜரீனாவின் கூடையைத் தூக்கி வேப்பமரத்தடியில் வைத்து, தன் செம்பிலிருந்த தண்ணீரை அந்தக் கனகாம்பரத்தின் மேல் தெளித்தார்.