மணியக்காரிக்குப் படி வைத்த அட்டி

மாட்டுத் தீவனக் கடை வைத்தவர்களுக்கு எலிதான் முதல் பங்காளி. அந்தப் பங்காளியை அடக்க ஒரு பூனைக்கு ரெண்டு பூனையாகக் கொண்டுவந்து வைத்தால், அடுத்த வழக்கு அங்கே ஆரம்பமாகிவிடும். வயசான பூனை ஒன்றையும் விடலைப் பூனை ஒன்றையும் வைத்துக்கொண்டு நடுவில் நின்று முழிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மலையாளத்து எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் நிற்கிற பக்கம் எங்கள் கடை. எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. மாட்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும் சொல்லுவேன். பூனையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே இந்த வருசம்தான் தெரிந்தது.

மூட்டைக்குள் வந்தவன்

தீவன மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்துவதை நாங்கள் அட்டி என்போம். அந்த அட்டியின் உச்சியில் உட்கார்ந்து, யார் வருகிறார் யார் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் பழைய பூனைக்கு உத்தியோகம். அதனால் மூட்டை இறக்குகிற ஆறுச்சாமி, ஊர் அதிகாரம் பார்க்கிற மணியக்காரர் மாதிரி என்று அவளுக்கு மணியக்காரி என்று பேர் வைத்தார். போன மழைக்காலத்தோடு அவளுக்கு ஓட்டம் குறைந்துபோனது. பிண்ணாக்கு மூட்டையை ஓட்டை போட்ட எலி, அவள் கண்முன்னாலேயே நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

"கடைக்கு ஒரு பூனை போதும். குட்டி ஒண்ணு கொண்டா. கெழவியச் சந்தைப் பக்கம் விட்டுரலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ரெண்டும் இருக்கட்டும், ஒத்துப்போகும் என்றேன். "ஒத்துப்போனா இருக்கட்டும். இல்லாட்டி கெழவி சந்தைக்குத்தான்" என்று முடித்துவிட்டார்.

பால்காரப் பாப்பாத்தி அக்கா வீட்டில் வளர்ந்த குட்டி ஒன்றைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி மொபெட்டில் கொண்டுவந்தேன். அட்டிக்கு அடியிலேயே வைத்து அவிழ்த்தேன். செம்பட்டை நிறம், காதளவு வாய். பயந்த வேகத்தில் நேரே உச்சிக்கு ஏறி, மணியக்காரி மடியிலேயே போய் விழுந்தான். ஒரே அறை. ரெண்டும் கட்டிப் புரண்டு, பிரித்து வைத்த தவிட்டு மூட்டையில் விழுந்து, கடை முழுக்கத் தவிட்டுப் புகை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆறுச்சாமி கேட்டார்: "ஏனுங்கம்மணி, பழைய மணியம் இருக்கறப்பவே புது மணியத்துக்கு உத்தரவு போட்டுட்டீங்களா?"

ஒரே தொட்டி

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மாடு வளர்க்கிறவர்கள். அதனால் கிடைத்த புத்தியெல்லாம் மாட்டுப் புத்தி. புது மாடு வாங்கி வந்தால் பழைய மாட்டுக்குப் பக்கத்திலேயே கட்டுவோம். ஒருதரம் முட்டிக்கொள்ளும். எது பெரிசு என்று தீர்ந்துவிடும். அப்புறம் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும். "அதே மாதிரி விடுங்க, முட்டிக்கிட்டுச் சரியாப் போயிருமுங்க" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே தட்டில் சோறும் கருவாடும் போட்டு ரெண்டையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்தேன்.

வாண்டு தின்றான். குட்டியை வாண்டு என்றுதான் கூப்பிட்டோம். மணியக்காரி தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். நான் மறுபடியும் தூக்கி வந்து உட்கார வைத்தேன். மறுபடியும் போனாள். இப்படியே பட்டினி கிடந்தவள், கடைசியில் போய்ப் பருத்திக்கொட்டை மூட்டைமேல் மூத்திரம் பெய்துவிட்டாள். எனக்குத் தெரியாது. அந்த மூட்டை விற்றும் போனது.

மறுநாள் காலையில் பாப்பாத்தி அக்கா அதைத் திருப்பிக் கொண்டுவந்து தராசுப் பக்கத்தில் இறக்கினார். என் வீட்டுக்காரர் மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, "அடுத்த சந்தைக்குக் கெழவி போறா" என்றார். நான் பாப்பாத்தி அக்காவைப் பார்த்தேன், ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று. அவர் சொன்னது இது: "நானா இருந்தா பேசாமச் சகிச்சுக்குவேன் அம்மிணி, எம்மாடு மூஞ்சியத் திருப்பிக்குதே!"

மிருகாசுபத்திரியில்

சந்தைக்கு இன்னும் நாள் இருந்தது. மணியக்காரியைக் கூடையில் வைத்து மிருகாசுபத்திரிக்குத் தூக்கிப்போனேன். எனக்கு முன்னால் ஒரு கறவை மாடு, ரெண்டு ஆடு. பூனைக்கூடையோடு நின்றது நான் ஒருத்திதான். டாக்டர் மலையாளத்து இளைஞர். தமிழ் கொஞ்சம் உருளும், ஆனால் சொல்வது விளங்கும். ஒரே தொட்டிக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "மாடு கூட்டத்துல பொறந்து கூட்டத்துல தின்னும் சேச்சி. பூனை அப்படியல்ல. அதுக்குச் சாப்பாடு வேற, இடம் வேற வேணும்" என்றார்.

அப்புறம் அவளுடைய பின்னங்கால்களை மெதுவாக மடக்கிப் பார்த்தார். அவள் சீறினாள், நான் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். அவர் எடுக்கவில்லை. வயசாகி மூட்டில் வலி என்று மருந்து எழுதினார். ரெண்டையும் கொஞ்ச நாள் கதவு போட்டுப் பிரித்து வை, ஒன்று படுத்த சாக்கை இன்னொன்றுக்குப் போடு, வாசனை பழகட்டும், சின்னவனை விளையாட்டுக் காட்டிக் களைக்க விட்டுவிட்டு அப்புறம் கதவைத் திற என்று சொல்லிக்கொடுத்தார். கூடையை எடுத்தபோது நான் கேட்டேன், அந்தப் பையன்மேல் இவளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று. "கோபம் அவன்மேல அல்ல சேச்சி, அவன் வந்து மோதினா வலிக்கும்னு பேடி."

பேடி என்றால் பயம். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் கூட வந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

முன்கடை மணியக்காரிக்கு, பின்னால் குடோன் வாண்டுக்கு. நடுவில் கதவைச் சாத்தினோம். காலி சாக்குகளைக் கட்டுக் கட்டி அனுப்புகிற வேலை ஆறுச்சாமிக்கு. இந்த ரெண்டு சாக்கைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். இவள் படுத்ததை அவனுக்கும், அவன் படுத்ததை இவளுக்கும் மாற்றி மாற்றிப் போட்டேன். முதலில் மணியக்காரி அந்தச் சாக்கைச் சுற்றிப் போனாள். பிறகு ஓரத்தில் ஒரு கால் வைத்தாள். பிறகு படுத்தாள். கதவுக்கு ரெண்டு பக்கமும் தட்டு வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். சந்தை நாள் வந்தது. "பாதி வைத்தியத்துல இருக்கறவள எப்படி அனுப்பறது?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் கூடையை எடுக்காமல் தனியாகச் சந்தைக்குப் பஸ் ஏறிப் போனார்.

தவிடு வாங்க வந்த சரோஜா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. மாமியாரோடு ஒரே சமையல்கட்டில் காலம் தள்ளுகிற பிள்ளை அது. தட்டு நகர்கிற கதையைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டது: "இந்த ரோசனைய எனக்குக் கண்ணாலமான வருசம் ஒருத்தரும் சொல்லலீங்களே அக்கா!"

படி

கதவைத் திறந்தோம். சண்டை இல்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் வாண்டு நேரே அட்டி உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். மணியக்காரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஏற எம்பினாள், கால் வரவில்லை. மெதுவாகத் திரும்பி, ரோட்டைத் தாண்டி, எதிர் பேக்கரி பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்தாள். கூப்பிட்டேன், கருவாட்டைக் காட்டினேன், வரவில்லை. நடுவில் பஸ்ஸும் லாரியும் ஓடுகிற ரோடு. சந்தைக்கு அனுப்பாமலேயே அவளை அனுப்பிவிட்டோம் என்று தோன்றியது. கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு லோடு வந்தது. சுமைக்காரர்களுக்கு அட்டி என்றால் கட்டடச் சுவர் மாதிரி நேராக நிற்க வேண்டும். ஒரு மூட்டை துருத்தினாலும் மானக்கேடு. ஆறுச்சாமி எதிர் பெஞ்சைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். வாண்டு இருந்த அட்டியைத் தொடாமல், வாசல் பக்கம் புதிதாக ஒன்று போட்டார். கீழே ஒரு மூட்டை, அதற்குப் பின்னால் ரெண்டு, அதற்குப் பின்னால் மூணு என்று உச்சிவரைக்கும் படி வைத்து அடுக்கினார். லாரிமேல் நின்றவர்கள், "ஏண்ணா, அட்டி போடறது மறந்துபோச்சா? கோயில் குளத்துக்குப் படி கட்டறியா?" என்று கேலி செய்தார்கள். அவர் தலையே நிமிரவில்லை.

சாயங்காலம் ரோடு கொஞ்சம் ஓய்ந்தபோது மணியக்காரி தானாகவே வந்தாள். முதல் மூட்டையை மோந்தாள். ஏறினாள். நின்றாள். அடுத்ததில் ஏறினாள். உச்சியில் போய் உட்கார்ந்து, எதிர் அட்டியில் இருந்த வாண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் தன் பாட்டுக்குக் கையை நக்கிக்கொண்டிருந்தான். சிநேகம் ஒன்றும் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை. வீட்டுக்காரர் அட்டியைப் பார்த்தார், உச்சியைப் பார்த்தார், சந்தைப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் நான் ஆறுச்சாமியிடம், இவளுக்காக நீங்கள் கேலிப்பேச்சு வாங்கினீர்களே என்றேன். மேல் மூட்டையை எடுக்க அவர் அந்தப் படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார். பாதியில் நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பூனைக்குன்னே சொல்லிக்கோங்க அம்மணி, நேரா நிக்கற அட்டியில என்னாலயும் ஏற முடியலீங்க."

ரெண்டு பூனைக்கு நடுவில் நியாயம் சொல்லப் போனவளுக்குக் கடைசியில் மிஞ்சியது ஊரே பார்த்துச் சிரிக்கிற ஒரு கோணல் அட்டிதான், அதை நேராக்கச் சொல்ல இன்றைக்கு எங்கள் கடையில் யாருக்கும் வாய் வருவதில்லை.