உளிக்கு முன் ஒரு முட்டை

மோகனூர்ப் பட்டறையில், இரும்பைக் கடைந்தும் செதுக்கியும் தரும் எங்கள் ஒரே இயந்திரத்தைக் கணினியின் கட்டளைப்படி இயங்குமாறு மாற்றி முடித்திருந்தேன். அது பழுதானால் எங்கள் பிழைப்பே நின்றுவிடும். முதல் ஓட்டத்துக்கு இரும்பைப் பொருத்தப் போன என்னை, கோழிப்பண்ணையிலிருந்து முட்டைகளோடு வந்த மனைவி தடுத்தாள்.

"ஏனுங்க, மொதல்ல முட்டையில ஓட்டிப் பாருங்க. ஒடஞ்சா ஆம்லெட்டு!"

வெட்டுளியின் இடத்தில் பேனாவைப் பொருத்தி, அதன்கீழ்த் துணிச்சுருளில் முட்டையை வைத்தேன். பேனாவை மேலே தூக்கக் கட்டளையிட்டேன். அது கீழே பாய்ந்தது. மஞ்சள்கரு என் மூக்குக்கண்ணாடியை மூடியது.

"ஒரு ஆம்லெட்டு ஆச்சுங்க!"

மோட்டாரின் இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்திருந்தேன். உளியாயிருந்தால் இயந்திரம் சிதைந்திருக்கும். இணைப்பை மாற்றியதும், பேனா இரண்டாம் முட்டையின்மேல் மெல்ல இறங்கி, சிறு வட்டம் வரைந்து, நல்ல பிள்ளையாய் மேலேறியது. இருவரும் குழந்தைகளைப்போல் கைதட்டினோம்.

இன்றும் புதிய வேலையை முதலில் முட்டையில்தான் ஓட்டுகிறேன். "வெங்காயம் அரியட்டுங்களா?" என்று அவள் கேட்கும்போதே என் அச்சம் பாதி கரைந்துவிடுகிறது.